தூண்டிலை மடித்து வைக்கும் மாதம்

தூண்டில் போடப் புழு வேண்டும். புழு கிடைக்காவிட்டால் பிசைந்த மாவாவது வேண்டும். இது நம் ஊர்ச் சிறுவர்களும் அறிந்த செய்தி. ஆனால் சேவல் இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, அதற்கு ஓர் ஈயின் வடிவம் தந்து, அந்தப் பொய் ஈயை ஆற்றின்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றும் கலை ஒன்று மேல்நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆங்கிலத்தில் ஃபிளை ஃபிஷிங் என்பர். இக்கட்டுரையில் அதனை ஈத்தூண்டில் என்றே அழைப்போம். அக்கலைக்கென்றே பிறந்தது போன்ற மீன் பழுப்பு டிரவுட்.

'சீமான்களின் பொழுதுபோக்கைப் பற்றி நம் ஆண்டு மலரில் என்ன பேச்சு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். உதகையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆகவே இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று என்பது ஒரு விடை. என் விடை வேறு. ஈத்தூண்டில்காரன் எப்படி மீன் பிடிக்கிறான் என்பதைக் காட்டிலும், எந்த நாளில் பிடிப்பதை நிறுத்துகிறான் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அந்த நிறுத்தம் இலையுதிர் காலத்தில் வருகிறது.

இலையுதிர் காலம் என்ற சொல்லைப் பாடநூல்களில் படித்துப் படித்து நமக்குப் பழகிவிட்டது. ஆனால் முதுமலைக் காட்டில் இலை உதிர்வது தை, மாசி, பங்குனியில், வறட்சிக்கு அஞ்சி. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இலை உதிர்வது செப்டம்பர், அக்டோபர், நவம்பரில், குளிருக்கு அஞ்சி. நான் கூறப்போவது அந்தக் குளிர்நாட்டு இலையுதிர் காலத்தைப் பற்றி.

கலையின் நுட்பத்தை முதலில் சிறிது பார்ப்போம். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஈத்தூண்டிலில் முள்ளில் கட்டிய இறகுக்குக் கனமே இல்லை. அதை வீசினால் காலடியிலேயே விழும். ஆகவே கயிற்றையே கனமாகச் செய்துவிட்டார்கள். கோலை முன்னும் பின்னும் அசைக்க, கயிறு காற்றில் சுருள் விரிந்து நீண்டு, கடைசியில் மெல்லிய நரம்பின் நுனியிலுள்ள பொய் ஈயை நீர்மேல் பூப்போல இறக்குகிறது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியாவில் புள்ளிகளையுடைய மீன்களை மக்கள் பிடித்த விதத்தை எழுதியிருக்கிறார்: கொக்கியில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்களாம். அன்றைக்கும் இன்றைக்கும் மூலப்பொருள் பெரிதாக மாறவில்லை என்பது வியப்பே. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சென் ஆறுகளின் கரையில் ஹால்ஃபோர்டு என்பவர் பொய் ஈ மிதக்கத்தான் வேண்டும் என்றார். ஸ்கூஸ் என்பவர் மூழ்கினாலும் குற்றமில்லை என்றார். இந்த வழக்கைத் தீர்க்க 1938இல் இலண்டனில் பெரிய மனிதர்கள் கூடி விவாதமே நடத்தினார்கள் என்றால் பாருங்கள்! உலகப் போர் வாசலில் நின்றுகொண்டிருந்த ஆண்டு அது.

பழுப்பு டிரவுட்டின் அறிவியற்பெயர் சால்மோ டிரட்டா. 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர். வெண்ணெயும் வெல்லமும் கலந்தாற் போன்ற மேனியில் கறுப்புப் புள்ளிகள். இடையிடையே வெளிறிய வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள். குளிர்ந்த, தெளிந்த, உயிர்க்காற்று மிகுந்த நீரே அதற்கு வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே அது தவிக்கத் தொடங்கிவிடும். கோடையில் பகலெல்லாம் வேர்களின் நிழலில் ஒளிந்து கிடந்துவிட்டு அந்தியில்தான் வாய் திறக்கும்.

செப்டம்பர் பிறந்ததும் அதன் போக்கு மாறுகிறது. இரவுகள் குளிர்கின்றன, நீர் குளிர்கிறது. புல்வெளிகளிலிருந்து நெடுங்கால் ஈக்கள் காற்றில் அலைக்கழிந்து வந்து ஆற்றில் விழுகின்றன. ஆங்கிலச் சிறுவர்கள் அதை 'நெட்டைக்கால் அப்பா' என்ற பொருளில் வேடிக்கைப் பெயரிட்டு அழைப்பர். டிரவுட் பகலிலேயே பசியோடு மேலே எழுகிறது. முன்னிருப்பது இனப்பெருக்கக் காலம். அதற்கு உடலில் கொழுப்பு வேண்டும். கோடையில் முகம் கொடுக்காத பெரிய மீன்களும் இப்போது அகப்படுகின்றன. தூண்டில்காரர்கள் ஆண்டு முழுதும் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான் என்றால் மிகையாகாது.

அப்படி மீன் மிகுதியாக வாய் திறக்கும் நேரத்திலேயே ஆறு மூடப்படுகிறது! ஸ்காட்லாந்தில் அக்டோபர் 6 கடைசி நாள். 7ஆம் தேதி முதல் மார்ச் 14 வரை பழுப்பு டிரவுட்டைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் பெரும்பாலான ஆறுகளில் செப்டம்பர் 30உடன் முடிகிறது. கோலைத் துடைத்து உறையிலிட்டு, கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு, குளிர்காலம் முழுதும் வீட்டுக்குள் அமர்ந்து இறகு கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஏன் மூடுகிறார்கள் என்பதை விலங்கியல் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வர். மற்ற நண்பர்களுக்காகச் சிறிது விரிக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், சிலவிடத்து அதற்குப் பின்னும், டிரவுட் ஆற்றின் மேற்பகுதிக்கும் சிற்றோடைகளுக்கும் ஏறிச் செல்கிறது. ஆண் மீனின் கீழ்த்தாடை மேல்நோக்கிக் கொக்கி போல வளைகிறது. பெண் மீன் சரளைக் கற்கள் நிறைந்த, நீர் விரைந்து ஓடும் இடமாகப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் 1,500 முதல் 2,000 முட்டைகள்வரை இடக்கூடும். ஆண் மீன் பக்கத்தில் நின்று அவற்றைக் கருவுறச் செய்ததும், பெண் மீன் சற்று மேலே சென்று மீண்டும் கற்களைப் புரட்டிக் குழியை மூடிவிடுகிறது. தாயின் கடமை அதோடு முடிந்தது. நீர் 5 டிகிரி அளவில் இருந்தால் முட்டை பொரிய ஏறக்குறைய மூன்று மாதம். பொரித்த குஞ்சும் வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருப் பையோடு சரளையின் இடுக்கிலேயே பல வாரங்கள் கிடந்து, வசந்தத்தில்தான் வெளியே வருகிறது. அதுவரை அதற்குப் பாதுகாப்பு கற்களும், கற்களினூடே ஊடுருவி ஓடும் நீருமே. சேறு படிந்தால் மூச்சு முட்டிச் சாகும். மனிதன் கால் வைத்தால் நசுங்கிச் சாகும்.

கால் வைப்பது என்று நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முட்டைக் குழிகளின்மீது, முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு வெளிவரும்வரை, நாளைக்கு இரண்டு முறை மனிதர் நடந்தால் 96 விழுக்காடுவரை அழிந்தன. பொரிக்கும் தறுவாயில் ஒரே ஒரு முறை நடந்தாலே 43 விழுக்காடுவரை அழிந்தன. தூண்டிலே போடாமல், ஆற்றில் இறங்கி நடந்ததனால் மட்டும்!

இங்கேதான் என் கருத்து வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல ஆறுகள் இலையுதிர் காலம் முழுதும் திறந்தே இருக்கின்றன. முட்டையிடும் காலத்து ஆண் மீன் பசியால் அன்றி, எல்லைக் காவலின் சினத்தால் எதையும் கடிக்கும். சிறுமீன் வடிவில் கட்டிய பெரிய இறகை அதன்முன் இழுத்தால் பாய்ந்து கவ்வும். 'பிடிக்கிறோம், படம் எடுக்கிறோம், உடனே விட்டுவிடுகிறோம். மீனுக்கு என்ன நட்டம்?' என்பது அவர்கள் வாதம். பிடித்து விடும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. 1930களில் லீ உல்ஃப் என்னும் அமெரிக்கர் அதை வலியுறுத்தியபோது அது பெரிய முன்னேற்றம். ஆனால் கோடையில் பசியோடு ஈயைக் கவ்விய மீனை விடுவது வேறு. மணவறையிலிருந்து மாப்பிள்ளையை இழுத்து வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது வேறு. அவன் திரும்பிப் போவதற்குள் முகூர்த்தம் தவறிப்போகாதா? சட்டம் இடந்தந்தாலும் முட்டைக் குழியருகே நிற்கும் மீன்மீது தூண்டில் வீசுதல் தகாது என்று அங்கேயே கூறும் தூண்டில்காரர்கள் பலர் உண்டு. அவர்கள் கட்சியே என் கட்சி. பிடித்து விடுதல் ஒருவனுடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தது. ஆற்றை மூடுதல் எல்லோரையும் ஒருசேரக் கட்டுவது. எண்ணத்தை நம்பி முட்டையை விட்டுவைக்க முடியாது.

இந்த மூடுதல் நேற்று வந்த நாகரிகமும் அன்று. டிரவுட்டின் உறவினமான சால்மன் மீனுக்காக 1285ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சட்டம் செய்தார்கள். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி செய்த காலம் அது. செப்டம்பர் 8 முதல் நவம்பர் 11 வரை குறிப்பிட்ட ஆறுகளில் சால்மன் பிடிக்கக்கூடாது. மீறினால் முதல் முறை வலையையும் கருவியையும் எரிப்பார்கள். இரண்டாம் முறை மூன்று மாதச் சிறை. மூன்றாம் முறை ஓராண்டு. பொழுதுபோக்குக்காரர்களை எண்ணிச் செய்த சட்டமன்று இது. மீன் உணவு, மீன் வருவாய். சினை மீனைத் தின்றால் மறு ஆண்டு தட்டு காலி என்ற சாதாரணக் கணக்கு.

இனி, இந்த மீன் கடல் கடந்த கதைக்கு வருவோம். ஆங்கிலேயன் போன இடமெல்லாம் டிரவுட்டையும் கூட்டிப் போக விரும்பினான். பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்த முட்டைகள் 1864இல் கப்பலேறித் தாஸ்மேனியாவை அடைந்தன. அங்கிருந்து 1867இல் நியூசிலாந்து சென்றன. அங்கே பருவம் தலைகீழ். இலையுதிர் காலம் ஏப்ரலில். ஜெர்மனியிலிருந்து 1883இல் அமெரிக்கா சென்ற முட்டைகளின் குஞ்சுகள் மறு ஆண்டு மிச்சிகனில் ஓர் ஆற்றில் விடப்பட்டன. காஷ்மீரத்துக்கு 1899இல் அனுப்பியவை வழியிலேயே அழிந்தன. அடுத்த ஆண்டு அனுப்பியவை பிழைத்தன. இன்றும் அங்கே பழுப்பு டிரவுட் இருக்கிறது.

நம் நீலகிரிக்கும் அந்த ஆசை வந்தது. சென்னைப் படையின் மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவருமான ஃபிரான்சிஸ் டே, 1863இலேயே பழுப்பு டிரவுட்டை இங்கே கொண்டுவர முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்.சி. வில்சன் முயன்றபோது நிலைத்தது வானவில் டிரவுட். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் அது அமெரிக்கப் பசிபிக் கரையின் மீன். ஆகவே அவலாஞ்சித் தொட்டியில் நாம் காண்பது பழுப்பு டிரவுட்டின் உறவுக்காரன்.

இந்த வரலாற்றை நம்மில் சிலர் பெருமையோடு பேசுவதுண்டு. எனக்கு அந்தப் பெருமை விளங்கவில்லை. பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. நியூசிலாந்து ஓடைகளில் காலக்சியஸ் என்னும் சிறு மீன்கள் டிரவுட்டுக்கு இரையாகியும் இடமிழந்தும் ஒடுங்கிப்போயின. தன் ஊரில் சட்டம் போட்டுக் காக்க வேண்டிய மீனே பிறர் ஊரில் கொள்ளையனாகிறது. மீனின்மேல் பிழை சொல்ல என்ன இருக்கிறது? கொண்டுபோய் விட்டவனைத்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் உரிய திமில் முதுகு மஹசீர், 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய பெருமீன். அதற்கு முறையான அறிவியற்பெயர் இன்னதென்று உறுதியானதே 2018இல்தான். டார் ரெமாதேவி என்பது அப்பெயர். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென அறிவிக்கப்பட்டது. அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று நம் மலையடியில் ஓடும் மோயாறு. அது குறைந்ததற்கு அணையும் வெடியும் மட்டும் காரணமல்ல. 'மஹசீர் குறைகிறது, குஞ்சு விடுவோம்' என்று நல்லெண்ணத்தோடு வேறு நீர்ப்பகுதியின் நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளை மகாராட்டிரப் பொரிப்பகத்திலிருந்து கொணர்ந்து காவிரியில் விட்டார்கள். வந்த மீன் பெருகியது. இருந்த மீன் மறைந்தது.

சுருங்கச் சொன்னால், மேல்நாட்டாரிடமிருந்து நாம் மீனை வாங்கினோம், கோலை வாங்கினோம், குஞ்சு பொரிக்கும் தொட்டியை வாங்கினோம். தூண்டிலை மடித்து வைக்கும் மாதத்தை வாங்கவில்லை. இம்மலையில் 1879இலேயே வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கச் சட்டம் இருந்தது உண்மைதான். அது பெரும்பாலும் உரிமச்சீட்டு வாங்கிய துரைமாரின் விளையாட்டு கெடாமலிருக்கச் செய்தது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. குறிப்பிட்ட நீர்நிலையில் ஈராண்டுவரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரம் நம் ஊர் ஓடைக்கரைவரை வந்து சேர்ந்ததாக யாரும் உணரவில்லை.

நம் மீன்களுக்கும் பருவம் உண்டல்லவா? முதல் மழையில் புதுவெள்ளம் வந்தவுடன் கெண்டையும் கெளுத்தியும் சினையோடு எதிர்நீச்சலிட்டு ஓடைக்கும் வயலுக்கும் ஏறுகின்றன. அந்த இரவில்தான் ஊரே பறியோடும் அரிக்கேன் விளக்கோடும் மடையில் நிற்கிறது. விரால் முட்டையிட்டுப் போய்விடும் மீனன்று. தாயும் தந்தையும் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும். குளத்தில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வருவதைக் கண்டதும், அடியில் பெரிய விரால் இருக்கிறது என்று ஈட்டியை ஓங்குகிறோம். பெற்றோர் இரண்டும் கறிச்சட்டிக்குப் போனபின் குஞ்சுகளின் கதி என்ன? கொக்கையும் தவளையையும் கேட்க வேண்டும்.

'ஏழை மக்கள் ஒரு வேளை மீன் தின்பதையும் தடுக்கச் சொல்கிறாயா?' என்ற கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஸ்காட்லாந்துத் தூண்டில்காரர் ஐந்து மாதம் கோலை உறையிலிட்டால் அவர் அடுப்பு அணைவதில்லை. நம் ஆற்றோர மீனவருக்கு அணையும். ஆனால் இதே கேள்வி கடலுக்கும் எழுந்தது. தமிழகத்தில் 2001 முதல் கிழக்குக் கரையில் 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் ஆயிற்று. குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் தரப்படுகிறது. தொகை போதாது என்ற குறை இருந்தாலும் தடை நடக்கிறது, ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடலையே மூட முடிந்த நமக்கு ஒரு மடையைப் பத்து நாள் மூட முடியாதா? ஐந்து மாதம் வேண்டாம். புதுவெள்ளத்தின் முதற் பத்து நாளும், விரால் குஞ்சோடு திரியும் வாரங்களும் போதும். எந்த மீன், எந்தக் குளம் என்று பார்த்துச் செய்தால் யாருக்கும் அடுப்பு அணையாது.

அதற்கு முதலில் தேதி தெரிய வேண்டும். அக்டோபர் 7 என்று ஸ்காட்லாந்தார் எழுதியது, அந்நாட்டு மீன் எப்போது சினைகொள்கிறது என்பது கரையிலிருந்தோருக்குத் தெரிந்திருந்ததால்தான். நம் ஓடைகளில் எந்த மீன் எந்த வாரத்தில் ஏறுகிறது, நீர் அப்போது எத்தனை டிகிரி, மழை எத்தனை மில்லிமீட்டர்? நம் வகுப்பு நண்பர்களில் பாதிப்பேர் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். சிலர் வீட்டில் வலையே இருக்கிறது. வார இறுதியில் ஊருக்குப் போகிறவர் சந்தையில் சினை மீன் வந்ததா என்று பார்த்து ஒரு வரி எழுதி வரலாம். விலங்கியல் துறையில் வெப்பமானி இருக்கிறது, அலமாரியில் வெற்றுக் குறிப்பேடும் இருக்கிறது. வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் பேராசிரியர்கள் அனுமதி தந்தால் வைகாசி முதல் வாரத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடலாம்.